லிஃப்ட்டுக் கயிற்றை வெட்டச் சொன்னவரும் என் பீச்சாங்கையும்

கதை சொல்லும்போது இரண்டு கையையும் ஆட்டுகிற பழக்கம் எனக்கு உண்டு. "பத்து விரலும் இருக்குதுன்னு ஊருக்குக் காட்டிக்கறாரு" என்பாள் என் வீட்டுக்காரி. அவள் சொல்வது உண்மைதான். அந்தப் பத்தில் ஐந்து எனக்குக் கொசுறாகக் கிடைத்தவை. அவற்றை எப்படி இழக்கப் பார்த்தேன், இழக்காமல் போனதற்கு என் கோழைத்தனம் எந்த வகையில் காரணம் என்று எழுதிவைக்கலாமென்று உட்கார்ந்திருக்கிறேன். வீரத்தைப் பற்றி எழுத ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பயத்தைப் பற்றி எழுத என்னளவுக்கு அனுபவம் உள்ளவர்கள் குறைவு.

அறுபதுகளின் நடுவில், எனக்கு முப்பத்து நான்கு வயதில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிட்டராக இருந்தேன். பின்னல் மிஷினில் ஊசி உடைந்தால் மாற்றுவேன். பெல்ட் அறுந்தால் தைப்பேன். மோட்டார் முனகினால் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு நானும் கொஞ்சம் முனகுவேன். மிச்ச நேரத்தில் ஆட்களைச் சிரிக்க வைப்பேன். இதற்குச் சம்பளம் கிடையாது; ஆனால் இதைத்தான் நான் ஒழுங்காகச் செய்தேன்.

முதலாளி காங்கேயம் பக்கத்துத் தோட்டக்காரர். மாட்டையும் கிணற்றையும் தம்பியிடம் விட்டுவிட்டுப் பனியனுக்கு வந்தவர். அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. கோயமுத்தூரில் பழைய புத்தகக் கடையில் தடியாக ஒரு புத்தகம் வாங்கியிருந்தார். உலகத்தில் எதையெதையோ கண்டுபிடித்தவர்களின் வாழ்க்கைக் கதைகள், முழுப் பக்கப் படங்களுடன். மத்தியானம் சோற்றுப் போசியைத் திறக்கிற நேரத்தில் எங்களோடு வந்து உட்கார்ந்து, நாளுக்கு ஒருவராகச் சொல்லுவார். நீராவி இன்ஜினைச் சீராக்கியவர், பல்பு எரியவைத்தவர், சுரங்கத்துக்குள் வெடிக்காத விளக்குக் கொடுத்தவர் என்று நாங்கள் ரசம் சாதத்தோடு எல்லாரையும் சாப்பிட்டு முடித்தோம்.

முதல் பின்னல் மிஷினைச் செய்தவர் ஒரு பாதிரியார் என்று சொன்ன அன்று மட்டும் எல்லாரும் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தினோம்.

"காலுறை பின்னற மிஷினப்பா. ராணிகிட்டக் கொண்டுபோய்க் காட்டுனாரு. கையில பின்னிப் பொழைக்கற சனங்க சோத்துல மண்ணு விழும், போயிட்டு வான்னுட்டாங்க. வேற தேசத்துல போய் வறுமையிலயே செத்துப்போனாரு. அவரு இல்லீன்னா நாமெல்லாம் இன்னைக்கு ஏரு ஓட்டிக்கிட்டிருப்போம்."

"அவுரு படம் இருக்குதுங்களா மொதலாளி?" என்று கேட்டேன்.

இருந்தது. மறுநாளே அதைக் கிழித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆபீஸ் அறையில் முருகனுக்கும் லட்சுமிக்கும் அடுத்து, தாடி வைத்தவரும் மீசை வைத்தவரும் கழுத்தில் பட்டை கட்டியவருமாக ஒரு வரிசை. வெள்ளிக்கிழமை தோறும் முதலாளியம்மா சாமிக்கு வைத்த கையோடு இவர்களுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார். பாதிரியாருக்குப் பொட்டு நன்றாக இருக்கும்.

இனி காலண்டர் மிஷினைச் சொல்ல வேண்டும். பின்னி, வெளுத்து, காய்ந்து, சுருங்கி வருகிற பனியன் துணியைச் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்க்கிற மிஷின் அது. குழாய் மாதிரி இருக்கும் துணியை ஒருவர் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து உருளைகளின் வாயில் கொடுக்க வேண்டும். அலங்காரத்துக்காக வாய் என்று சொல்லவில்லை. வைத்ததை உள்ளே இழுக்கும். துணியா விரலா என்று பார்க்காது.

அதில் நின்றவரைக் காலண்டர்காரர் என்போம். என் வயதுதான். நெசவுக்காரக் குடும்பம். வருஷம் தவறாமல் பழனிக்கு நடக்கிறவர். லேசாகத் தொட்டாலே சிரித்துவிடுகிற ஆள், ஆகையால் எனக்குப் பிடித்த ஆள். ஆனி மாசத்தில் ஒரு நாள் காலையில் அவர் பக்கத்தில் நின்று, முதலாளி தும்முவதை நடித்துக் காட்டினேன். முதலாளி மூன்று தவணையாகத் தும்முவார். முதல் தவணைக்குக் கண் மூடும், இரண்டாவதுக்கு வேட்டியைப் பிடித்துக்கொள்வார், மூன்றாவது வெளியே வரும்போது புறா பறக்கும். நான் இரண்டாவது தவணைக்கு வந்தபோது காலண்டர்காரர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். தலை பின்னால் போனது, இடது கை முன்னால் போனது.

ஓடிப்போய் பெல்ட்டைத் தள்ளி மிஷினை நிறுத்தியது நான்தான். பிரயோசனமில்லை. இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தவர் என்னைப் பார்த்து, "உங்க மேல தப்பில்லீங்க பிட்டரே. நான் சிரிச்சிருக்கப்படாது" என்றார். ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு மாசம் கழித்து அதே மிஷினுக்குத்தான் திரும்பினார். வேறு வேலை தெரியாது. ஆனால் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டு, பாம்புக்குப் பால் வைக்கிறவர் மாதிரி கையை நீட்டித் துணியைக் கொடுத்தார். துணி கோணியது, மடிப்பு விழுந்தது, திட்டு வாங்கினார். சிரிப்பதே இல்லை. நானும் அந்தப் பக்கம் போனால் வாயை மூடிக்கொண்டு போனேன். ஊரே ஆச்சரியப்பட்டது.

அப்புறம்தான் அந்தத் தடுப்பைச் செய்ய ஆரம்பித்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. உருளைகளின் வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு மரச்சட்டம். கை கொஞ்சம் முன்னால் போனாலும் சட்டத்தில் இடிக்கும். சட்டம் நகர்ந்தால் ஒரு கம்பி இழுபடும், கம்பி ஒரு கொக்கியை விடுவிக்கும், கொக்கியில் தொங்குகிற ஐந்து கிலோ படிக்கல் விழும். அது விழுகிற வேகத்தில் கவட்டை மாதிரி ஒரு கவை பெல்ட்டை ஓடுகிற சக்கரத்திலிருந்து சும்மா சுற்றுகிற சக்கரத்துக்குத் தள்ளிவிடும். ஒரு கட்டை வந்து உருளையை அழுத்தி நிறுத்தும். ஒரு மூச்சு விடுவதற்குள் எல்லாம் நடக்க வேண்டும்.

நடந்தது. மூங்கில் குச்சியை விட்டு விட்டுப் பார்த்தேன். குச்சி பிழைத்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை, பெல்ட்டுக்கு மெழுகு போட்ட அன்று, கவை தயங்கியது. குச்சியின் முனை நசுங்கி நார் நாராக வந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. குச்சியை அடுப்பில் போட்டுவிட்டேன்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. தன் கம்பெனிக்குள்ளேயே ஒரு கண்டுபிடிப்பாளன். ஆனால் யாருக்காகச் செய்தேனோ அவர் நம்பவில்லை. தடுப்பு மாட்டிய பிறகும் அதே ஓர் அடி தள்ளித்தான் நின்றார். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

அன்றைக்கு மத்தியானம் முதலாளி லிஃப்ட்காரரின் கதையை எடுத்தார்.

"அந்தக் காலத்துல லிஃப்ட்டுன்னா எவனும் ஏற மாட்டான். கயிறு அறுந்தா எலும்பு மிஞ்சாது. இந்த மனுசன் கயிறு அறுந்தாலும் விழாம புடிச்சுக்கற மாதிரி ஒண்ணச் செஞ்சாரு. வாயில சொன்னா எவன் நம்புவான்? பொருட்காட்சியில, அத்தன சனத்துக்கு நடுவுல, தானே மேல ஏறி நின்னுட்டு, கயித்த வெட்டுன்னாரு."

"அப்புறங்க?" என்றார் காலண்டர்காரர். கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"வெட்டுனாங்க. ரெண்டு மூணு அங்குலம் எறங்குச்சு, நின்னு போச்சு. அதுக்கப்புறந்தான் ஊருல மாடி மேல மாடி கட்டுனான்." முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏப்பா, நீயும் ஒருக்கா உன்ற கைய வெச்சுக் காட்டிரு."

இந்த இடத்தில் எந்த மனுஷனும் யோசித்திருப்பான். என் வாய் எனக்காகக் காத்திருந்ததே இல்லை. "கையென்னங் மொதலாளி, காலையே வெக்கறனுங்க" என்றது.

எல்லாரும் சிரித்தார்கள். காலண்டர்காரர் சிரிக்கவில்லை. என்னைக் கூர்ந்து பார்த்தார். "நெசமாலுமுங்களா பிட்டரே?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்புறம் எனக்குப் பின்வாங்க வழி இல்லாமல் போனது.

ஆயுத பூசைக்கு மறுநாள், மறுபூசையில் எல்லாரும் கூடியிருக்கும்போது வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. பத்து நாள் இருந்தது. சாயங்காலம் ஆபீஸ் அறைக்குப் போனால், படங்களின் வரிசை முடிகிற இடத்தில் முதலாளி ஓர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"இது யாருக்குங்க?"

"உனக்குத்தான். காரியம் முடியட்டும். ஒரு போட்டோ புடிச்சு மாட்டிருவோம்."

ஆணியைப் பார்த்தேன், வரிசையைப் பார்த்தேன். அந்த வரிசையில் இருப்பவர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. எங்கள் பக்கம் ஒருத்தர் படத்தைச் சுவரில் மாட்டிப் பொட்டு வைக்கிறார்கள் என்றால் பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இவர் எனக்கு முன்கூட்டியே இடம் பிடித்து வைக்கிறார்.

புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கண்டுபிடித்தவர்கள் எதைக் கண்டுபிடித்தார்கள் என்று ஊரே படிக்கும். நான் கடைசிப் பத்தியை மட்டும் படித்தேன். எப்படிச் செத்தார்கள்? இறக்கை கட்டிக்கொண்டு மலைச்சரிவிலிருந்து பறந்து பறந்து பழகிய ஜெர்மன்காரர் ஒரு நாள் காற்று ஏமாற்றி விழுந்தார். டீசல் இன்ஜினைச் செய்தவர் கப்பலில் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போனார், விடிந்து பார்த்தால் ஆள் இல்லை, அப்புறம் கடலில் கிடந்தார். பாரிஸில் ஒருவர், காற்றில் விரிகிற அங்கி தைத்து அதை மாட்டிக்கொண்டு பெரிய இரும்புக் கோபுரத்திலிருந்து குதித்தார். அங்கி விரியவில்லை. அவர் தொழிலில் ஒரு டெய்லர். எங்கள் இனம். அந்தப் பக்கத்தை மூடிவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

படுக்கையில் கிடந்து செத்தவர்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தேன். கணிசமாக இருந்தார்கள். ஆனால் அவர்களில் யாரும் தாங்கள் செய்த மிஷினுக்குள் கையை விட்டதாக எழுதவில்லை. லிஃப்ட்காரருக்கு வந்தபோது நிறுத்தி நிதானமாக, எழுத்தெழுத்தாகப் படித்தேன். மேடையில் ஏறினார் என்று இருந்தது. கயிறு வெட்டப்பட்டது என்று இருந்தது. அதற்கு முந்தின நாள் அவர் என்ன சாப்பிட்டார், சாப்பிட்டது தங்கியதா, கக்கூசுக்கு எத்தனை தடவை போனார் என்று ஒரு வரி இல்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

அந்தப் பத்து நாளில் எனக்கு வராத நோய் இல்லை. முதலில் வலது தோளில் பிடிப்பு. முதலாளி தைலம் கொடுத்தனுப்பினார். அப்புறம் காய்ச்சல் மாதிரி ஒன்று. கம்பவுண்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்களைவிட எனக்குத்தான் சூடு அதிகமா இருக்குது" என்றார். நடுவில், கையைப் பார்த்து உட்கார்ந்துவிடும் பழக்கம் வேறு வந்தது. இந்த விரலில்தான் மோதிரம் போட்டேன், இந்த விரலால்தான் மூக்கைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒவ்வொன்றிடமும் தனித்தனியாக விடைபெற்றுக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூசை வந்தது. மிஷின்களை எல்லாம் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டினோம். காலண்டர் மிஷினுக்குக் காலண்டர்காரரே அலங்காரம் செய்தார். உருளைக்கு விபூதிப் பட்டை போட்டார். என் தடுப்புச் சட்டத்துக்குப் பொட்டு வைத்தார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, மேலே தொங்கிய படிக்கல்லுக்கு விபூதி பூசி, செவ்வந்தி மாலை சாத்தி, இறங்கிக் கும்பிட்டார். என் கருவியை அவர் பிரியமாகத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தூரத்தில் நின்று பார்த்தேன். பக்கத்தில் போகவில்லை. நெகிழ்ந்துபோய் நின்றேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில், அந்த மிஷின் பக்கம் கண்ணைத் திருப்பவே எனக்குக் குலை நடுங்கியது.

பூசை முடிந்தால் மறுநாள் காலை வரைக்கும் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. இந்த விதியைச் செய்தவர் யாரோ, அவர் படத்தைத்தான் முதலில் மாட்டியிருக்க வேண்டும். ஒத்திகை பார்க்கலாமா என்று யாரும் என்னைக் கூப்பிட முடியாது.

மத்தியானம் வீட்டில் பொரியும் சுண்டலும் முன்னால் இருக்க, கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங் மாமா, எந்தக் கைய வெக்கப் போறீங்க?" என்றாள் வீட்டுக்காரி. அரிவாள்மணையும் பூசைக்குப் போய்விட்டதால் அவளுக்கு அன்று சமையல் வேலை இல்லை. என்னைக் கவனிக்க நேரம் இருந்தது.

"யோசிக்கலை."

"பீச்சாங்கைய வைங்க. சோத்தாங்கை போச்சுன்னா நாந்தான் ஊட்டியுடோணும்."

"பீச்சாங்கை போனா?"

"அதுக்கும் நாந்தானா வரோணும்?" என்று கேட்டாள். அப்புறம் குரல் மாறியது. "வேண்டாமுன்னு சொல்லிப்போடுங்க. மானம் போனாப் போகட்டும். கை முளைக்குமா?"

"அந்தாளு நம்பணுமே."

அவளுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். அந்தத் தும்மல் கதையும் தெரியும். என் பக்கத்திலிருந்து சுண்டலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப முதல்ல எதையாச்சும் உட்டுப் பாருங்க. குச்சி வேண்டாம். கை மாதிரி மெத்துன்னு இருக்கறதா. வாசல்ல வாழைக்கன்னு கட்டியிருப்பீங்கல்ல."

என் வாழ்க்கையில் அவள் சொல்லி நான் உடனே கேட்டது அந்த ஒன்றுதான்.

மறுநாள் காலையில் முப்பது நாற்பது பேர் காலண்டரைச் சுற்றி நின்றார்கள். முதலாளி வெள்ளை வெளேரென்று புதுச் சட்டை. சாம்பிராணிப் புகை. அவர் வீட்டு வழக்கப்படி மறுபூசையில் ஒவ்வொரு மிஷினையும் போட்ட மாலையோடு ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் மாலையைக் கழற்ற வேண்டும். பின்னல் மிஷின்கள் மாலையோடு ஒரு சுற்று ஓடி நின்றன. காலண்டர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எனக்காக.

வாசலில் கட்டியிருந்த வாழைக்கன்று ஒன்றை அவிழ்த்து, என் கை பருமனுக்கு மட்டையை உரித்து, ஒரு பனியனின் கைப்பகுதியை அதற்கு மாட்டிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"என்றா இது?" என்றார் முதலாளி.

"என்ற தம்பிங்க. மூத்தவன் போறதுக்கு முன்னாடி இவன் போய்ப் பாத்துட்டு வரட்டும்."

சிரித்தார்கள். "லிஃப்ட்காரரு தம்பிய ஏத்துனாராப்பா?" என்று முதலாளி கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். பயந்தாங்கொள்ளி என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. சரியாகத்தான் சொல்லியிருந்தார். காலண்டர்காரர் மட்டும் கைகட்டி நின்றார், சிரிக்காமல்.

வாழைத்தண்டை முன்னால் கொண்டுபோனேன். சட்டத்தில் இடித்தது. சட்டம் நகர வேண்டும். நகரவில்லை. கொக்கி விடவில்லை. கல் விழவில்லை. சட்டத்தின் மேலாகத் தண்டு வழுக்கி, உருளைகளின் வாய்க்குள் போய், 'சளக்' என்று ஒரு சத்தத்தோடு, பனியன் கையும் தம்பியும் அந்தப் பக்கம் பட்டையாக வந்து விழுந்தார்கள். வாழைச்சாறு பீய்ச்சியடித்து முதலாளியின் புதுச் சட்டையில் கோடு போட்டது.

நான் கையிலிருந்த மிச்சத் துண்டைப் பார்த்தேன். அது என் முழங்கை அளவுக்கு இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளியே ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார்.

காலண்டர்காரர்தான் ஸ்டூலைப் போட்டு ஏறினார். மேலே பார்த்துக்கொண்டே நின்றார். நெடுநேரம் இறங்கவில்லை.

"என்னங்க அங்க?" என்று கேட்டேன்.

"நாருங்க பிட்டரே."

"என்ன நாரு?"

"மாலை கட்டுன வாழைநாரு. கல்லுல நிக்காம வழுக்கிட்டே இருந்துதுங்க. சாமிக்குப் போட்ட மாலை கீழ விழப்படாதுன்னு கொக்கியோட சேத்து மூணு முடிச்சுப் போட்டுட்டனுங்க." முகம் வெளிறிப்போயிருந்தது. "விடிஞ்சதும் காஞ்சு இறுகிப்போச்சு."

என் கருவியை யாரும் குலைக்கவில்லை. அதைச் சாமியாக்கி, சாமியைக் கட்டிப்போட்டுவிட்டார். முதல் நாள் நான் பயப்படாமல் பக்கத்தில் போயிருந்தால் அந்த முடிச்சைப் பார்த்திருப்பேன். மறுநாள் பயப்படாமல் கையை விட்டிருந்தால் இதை வலது கையால் மட்டும் எழுதிக்கொண்டிருப்பேன். எந்தப் பயத்தைத் திட்டுவது, எந்தப் பயத்துக்கு நன்றி சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கட்டிங் மேஜையிலிருந்து, குங்குமப் பொட்டு வைத்த கத்தரிக்கோலை எடுத்து நாரை அவரே வெட்டினார். இறங்கி வந்தார். முதலாளி, "இன்னைக்குப் போதும், மூடுங்கப்பா" என்றார்.

"இல்லீங்க மொதலாளி, ஓட்டுங்க" என்றார் காலண்டர்காரர். "கட்டுனவன் நானு. நான் வெக்கறனுங்க என்ற கைய."

சொல்லிவிட்டு நுனி போன அந்தக் கையை நீட்டிக்கொண்டு மிஷினை நோக்கி நடந்தார். விளையாட்டு இல்லை என்று முகத்தில் தெரிந்தது. நான் தரையிலிருந்து எப்படி எழுந்தேன் என்று நினைவில்லை. அவர் தோளைப் பிடித்து இழுத்தேன்.

"உங்கள்ட்ட இருக்கறதே எட்டு. தள்ளுங்க."

"உங்களுக்குக் கை நடுங்குதுங்களே."

"நடுங்கட்டும். நடுங்குனா சட்டத்துல சீக்கிரம் இடிக்கும்."

மோட்டார் ஓடியது. பெல்ட்டுக்கு மெழுகு போடவில்லையே என்று மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் இல்லை என்று நானே பதில் சொல்லிக்கொண்டேன், ஏனென்றால் மெழுகு போடுகிற ஆள் நான்தான். லிஃப்ட்காரரை நினைத்தேன். டெய்லரை நினைக்கக் கூடாது என்று நினைத்தேன், நினைத்துவிட்டேன். பீச்சாங்கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, முன்னால் போனேன்.

மணிக்கட்டில் மரம் இடித்தது. 'டக்.' தலைக்கு மேல் ஏதோ விழுந்தது. பெல்ட் சீறியது. கட்டை உருளையில் ஏறி ஒரு மாடு முக்குவது போல முக்கியது. விரல் நுனியில் சூடு அடித்தது. பிறகு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பது இவ்வளவு பெரிய சத்தம் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது.

கண்ணைத் திறந்தபோது என் விரலுக்கும் உருளைக்கும் நடுவே ஒரு தீப்பெட்டியைச் செருகலாம், அவ்வளவுதான் இடம். வேட்டியைப் பற்றி யாரும் விசாரிக்க வேண்டாம். சாம்பிராணிக்குத் தண்ணீர் தெளித்ததில் நனைந்தது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

போட்டோ பிடிக்கப் போகலாம் என்று முதலாளி சொன்னார். காலில் விழாத குறையாகக் கெஞ்சி அதைத் தவிர்த்தேன். அந்த ஆணியில் போட்டோவுக்குப் பதில் ஒரு கத்தரிக்கோலை மாட்டினோம். மறுபூசையன்று காலண்டரை ஓட்டுவதற்கு முன்னால் மாலையை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று வழக்கம் மாறியது. முதலாளியம்மா வெள்ளிக்கிழமைகளில் பாதிரியாரோடு சேர்த்து அந்தக் கத்தரிக்கோலுக்கும் பொட்டு வைத்தார்.

இவ்வளவுக்கும் அப்புறமும் காலண்டர்காரர் உடனே முன்னால் வந்துவிடவில்லை. ஓர் அடி என்பது முக்கால் அடியானது. ஒரு வாரம் கழித்து அரை அடி. ஐப்பசி மழை பிடித்தபோது பழைய இடத்தில், துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து நின்றார். துணி நேராகப் போனது. ஆனால் சிரிக்கவில்லை. நானும் அவர் பக்கத்தில் வாயைத் திறக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, நான் பக்கத்து மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி உள்ளே வந்தார். பஞ்சுத் தூசி மூக்கில் ஏறியிருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். கண் மூடியது. நான் காலண்டர்காரரைப் பார்க்கக் கூடாது என்று எண்ணெய்க் கேனைப் பார்த்தேன். முதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது தவணை வந்தது. கூரையில் நிஜமாகவே ஒரு புறா பறந்தது.

காலண்டர்காரர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார்.

'டக்' என்று கல் விழுந்தது. உருளை நின்றது. அவர் இடது கை சட்டத்தின் மேல் கிடந்தது. அதையே பார்த்தார். நான் எண்ணெய்க் கேனைக் கீழே போட்டுவிட்டு அவருடையதை எண்ணினேன். எட்டு, அப்புறம் இரண்டு அரை. அவரும் என்னோடு சேர்ந்து எண்ணினார் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது.

"ஏப்பா, எதுக்கு மிஷின் நின்னுச்சு?" என்றார் முதலாளி, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

நான் காலண்டர்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"காத்து கொஞ்சம் பலமா அடிச்சுதுங்க மொதலாளி" என்றார் காலண்டர்காரர்.